குழந்தையோட படத்துக்குப் போறவங்களுக்காக ஒரு தியேட்டர் ரிவ்யூ: சீட்டு சூப்பர், ஆனா டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க

மொதல்ல நல்லத சொல்லிடறேன். திருச்சியில நாங்க வழக்கமா போற ஒரு மல்டிப்ளெக்ஸ் பத்தின ரிவ்யூ இது. பேர் போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை அந்த ஒரு தியேட்டர்ல மட்டும் இருக்கற குறைன்னு எனக்குத் தோணல, அங்க வேலை பாக்குற பசங்களும் நல்ல மரியாதையா நடந்துக்கறாங்க, அவங்க பொழப்புல கை வைக்க எனக்கு இஷ்டம் இல்ல. சீட்டு நல்லா சாயுது, கால் நீட்ட இடம் இருக்கு, பாத்ரூம் சுத்தம், லிப்ட் வேலை செய்யுது. ஏசி கொஞ்சம் ஓவர், சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா ஒரு துண்டு இல்ல ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. கேன்டீன் விலை எல்லா மால்லயும் இருக்குற கொள்ளைதான், அதப் பத்தி எழுதுனா எழுதிக்கிட்டே இருக்கலாம், விட்டுடறேன். சவுண்டு சிஸ்டம் பயங்கரம், சீட்டு அதிரும், பெரியவங்களுக்கு அது சுகம். ஆனா நான் இங்க எழுத வந்ததுக்குக் காரணமே அந்த சவுண்டுதான்.

எனக்கு ரெண்டு பசங்க. பெரியவனுக்கு 12, பாப்பாவுக்கு 6. போன வருஷம் ஒரு லீவுல பெரிய ஹீரோ படம் ஒண்ணு ரிலீஸ் ஆச்சு. அந்தப் படத்துப் பாட்டு ஒண்ணு அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வந்து ஊரெல்லாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பாப்பாவோட ஸ்கூல் ஆண்டு விழாவுல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க மொத்தமும் அந்தப் பாட்டுக்குத்தான் ஆடுச்சுங்க, மிஸ்ஸே கருப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு ஸ்டெப் சொல்லிக் குடுத்தாங்க, நாங்க எல்லாரும் கீழ உக்காந்து வீடியோ எடுத்தோம். அப்புறம் அந்தப் படத்துக்குப் போகணும்னு அவ கேக்காம இருப்பாளா. பாட்டு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு, படம் 16 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. இது யாருக்கும் உறுத்தல, எனக்கும் அன்னிக்கு உறுத்தல.

போன்ல புக் பண்றப்போ படத்தோட பேருக்குக் கீழ சின்ன எழுத்துல யூஏ 16+ன்னு போட்டிருந்துச்சு. நான் பாத்தேன், பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டேன், அவரு, யூஏ தான, ஏ இல்லைல, அப்பா அம்மா கூடப் போனா ஒண்ணும் இல்லன்னாரு. அவரச் சொல்லிக் குத்தம் இல்ல, நாங்க வளந்ததே அப்படித்தான். 1952 சினிமாட்டோகிராப் சட்டம் வந்தப்போ எல்லாரும் பாக்கற யூ, பெரியவங்களுக்கு மட்டும்னா ஏ, இந்த ரெண்டுதான், 1983லதான் நடுவுல யூஏ வந்துச்சு, 12 வயசுக்குக் கீழ உள்ள பசங்கன்னா பெத்தவங்க தொணையோட பாக்கலாம்ங்கறதுதான் அதுக்கு அர்த்தம். நாற்பது வருஷமா அந்த ரெண்டு எழுத்துக்கு நம்ம ஜனங்க மனசுல பதிஞ்சது, குடும்பத்தோட போற படம், ரெண்டு சண்டை இருக்கும், அவ்ளோதான். இப்ப அதே ரெண்டு எழுத்துக்குப் பின்னாடி ஒரு நம்பர் ஒட்டிருக்கு, அந்த நம்பருக்குத்தான் மொத்த வெயிட்டும், ஆனா நம்ம கண்ணு யூஏவப் பாத்ததும் நின்னுடுது.

இத நான் அப்புறமாத்தான் எங்க கொழுந்தனார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், அவரு வக்கீல். 2023ல சட்டத்த திருத்தி யூஏவ மூணாப் பிரிச்சாங்க, 7+, 13+, 16+ன்னு, 2024 மார்ச்ல புது விதிகளும் வந்துடுச்சு. இந்த யோசனை அதுக்கும் முன்னாடியே வந்ததுதானாம், டைரக்டர் ஷ்யாம் பெனகல் தலைமையில 2016ல ஒரு கமிட்டி போட்டாங்கல்ல, அவங்களே யூஏவ வயசு வெச்சுப் பிரிக்கச் சொல்லிருந்தாங்க. நல்ல விஷயம்தான், ஏழு வயசுப் புள்ளையும் பதினஞ்சு வயசுப் பையனும் ஒண்ணா என்ன. ஆனா கொழுந்தனார் அடுத்து ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த நம்பர் பெத்தவங்களுக்கு ஒரு வழிகாட்டல் மட்டும்தானாம், பெத்தவங்களத் தவிர வேற யாரும் அத வெச்சு யாரையும் தடுக்க முடியாதாம். அதாவது வாசல்ல நிக்கிற தம்பி என் பொண்ணப் பாத்து, அக்கா பாப்பாவ உள்ள விட முடியாதுன்னு சொல்ல சட்டத்துல இடமே இல்ல. ஏ படம்னா வேற கதை, 18 வயசு ஆகாத ஆள உள்ள விட்டா தியேட்டர்காரங்க மேல சட்டப்படி நடவடிக்கை வரும். யூஏ 16+ன்னா முடிவு முழுக்க என் தலையில.

சரி, முடிவு எடுக்க வேண்டியது நான்தான்னா எனக்கு விவரம் வேணும்ல? 16+ன்னா எதுக்கு 16+? வெட்டுக்குத்தா, பேயா, போதை மருந்தா, கெட்ட வார்த்தையா, பொண்ணுங்களப் பண்ற கொடுமையா? என் பையனுக்குப் பேய்ப்படம்னா கொண்டாட்டம், பாப்பாவுக்குக் கெட்ட வார்த்தை காதுலயே ஏறாது, ஆனா ரத்தம்னா ரெண்டு பேருக்கும் ஆகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்குப் போடறதுக்கு எனக்கு ஒரு வரி சொல்லிருந்தாப் போதும்.

சென்சார் சர்டிபிகேட் ஸ்க்ரீன்ல வரும் பாத்திருப்பீங்க, படம் பேரு, எத்தன நிமிஷம், என்ன சர்டிபிகேட்னு. அது எப்ப வருது, லைட்ட அணைச்சப்புறம். டிக்கெட் காசு போச்சு, பார்க்கிங் காசு போச்சு, பாப்கார்ன் மடியில இருக்கு, ஜனங்க விசில் அடிச்சுக்கிட்டு இருக்காங்க, அந்த நேரத்துல எந்த அம்மா எந்திரிச்சு வெளிய போவா.

படம் ஆரம்பிச்சு அரை மணி நேரம் நல்லாத்தான் போச்சு, அந்தப் பாட்டும் வந்துச்சு, பாப்பா சீட்டு மேலயே ஏறி நின்னு ஆடுனா. அப்புறம் ஒரு வீட்டுக்குள்ள நடக்கற சண்டை. அரிவாளால ஒருத்தன் தலைய எடுக்கறான், காட்டாம ரத்தத்தத் தெறிக்க விட்டுட்டு காமிராவத் திருப்பிட்டாங்க, அநேகமா சென்சார்ல அந்த ஷாட்டக் கொறச்சிருப்பாங்க. ஆனா சத்தத்த யாரு கொறச்சா? அரிவாள் எறங்குற சத்தம், எலும்பு ஒடையுற சத்தம், அந்த சவுண்டு சிஸ்டத்துல அது சீட்டு வழியா முதுகுல ஏறுது. நான் பாப்பா கண்ணத்தான் பொத்துனேன், ரெண்டு கைதான எனக்கு, காத யாரு பொத்துவா. அவ எம் மடியில மொகத்தப் பொதைச்சுக்கிட்டு இடுப்பச் சேத்துப் பிடிச்சுக்கிட்டா, அழல, அழுதிருந்தாக்கூட எனக்கு சமாதானமா இருந்திருக்கும்.

நான் அவளத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். பையன் அப்பாகூட உள்ளயே இருந்தான். லாபியில உக்காந்திருந்தப்போ அங்க வேலை பாக்குற தம்பி ஒருத்தர் சேர் போட்டுக் குடுத்து தண்ணி பாட்டில் கொண்டு வந்து, காசு வேணாம்க்கா, இந்தப் படத்துக்கு நெறைய பேரு இப்படித்தான் பாதியில புள்ளையத் தூக்கிட்டு வெளிய வர்றாங்கன்னாரு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, அந்தத் தம்பி நல்லா இருக்கணும். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா, நெறைய பேரு இப்படி வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியுதுல்ல, அப்ப டிக்கெட் குடுக்கறப்போ ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?

அன்னிக்கு ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி பாப்பா கேட்டா, அந்த அங்கிள அவங்க வீட்டுல தேடுவாங்கள்லம்மா? செத்துப்போற அடியாளுக்கு ஒரு வீடு இருக்கும்னு படம் எடுத்தவங்களும் யோசிக்கல, விசில் அடிச்ச நாங்களும் யோசிக்கல, அவ யோசிச்சிருக்கா. அதுக்கப்புறம் ஒரு மூணு வாரம் நான் அரிவாள்மனையில காய் நறுக்கறப்போ அடுப்படிக்கே வர மாட்டா, வாசப்படியில நின்னுக்கிட்டே பேசுவா. எங்க மாமியாருக்கு அரிவாள்மனை இல்லாம கை ஓடாது, அவங்களும் அந்த மூணு வாரம் கத்தியிலதான் நறுக்குனாங்க.

அந்தக் காலத்துப் படத்துலயும் கத்திச்சண்டை இருந்துச்சே, நாங்க பாத்து வளரலையான்னு கேக்கற பெரியவங்க இருக்காங்க, எங்க அப்பாவே கேட்டாரு. இருந்துச்சுப்பா, ஆனா வாள் பட்டா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுவாங்க, அவ்ளோதான் காட்டுவாங்க, இப்ப மாதிரி பக்கத்துல போயி நிறுத்தி நிதானமாக் காட்ட மாட்டாங்க. 1970ல டைரக்டர் கே.ஏ. அப்பாஸ் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்காம், மத்த எந்தக் கலையையும் விட சினிமா மனச ஆழமாக் கிளறிவிடும், அதனால முன்கூட்டியே தணிக்கை பண்றது செல்லும்னு. இதுவும் கொழுந்தனார் சொன்னதுதான். அப்ப இருந்த ஸ்பீக்கருக்கே அப்படின்னா இப்ப இருக்குற ஸ்பீக்கருக்கு என்ன சொல்வாங்க.

இன்னொண்ணும் தெளிவாச் சொல்லிடறேன், படத்த வெட்டுங்க, தடை பண்ணுங்கன்னு நான் கேக்கவே இல்ல. பெரியவங்களுக்குப் படம் எடுக்கணும்னு நெனைக்கறவங்க தாராளமா எடுக்கட்டும், நானே சில ரத்தப் படங்கள புள்ளைங்க தூங்குனப்புறம் பாத்திருக்கேன். ஆனா இங்க என்ன நடக்குதுன்னா, பெரியவங்க படத்த எடுத்துட்டு அதுல பத்து எடத்துல ம்யூட் போட்டு, நாலு எடத்துல கொறச்சு, ஏ வராமப் பாத்துக்கறாங்க. ஏ வந்தா குடும்பக் கூட்டம் வராது, டிவியிலயும் அப்படியே போட முடியாது, நஷ்டம். 2025 ஆகஸ்ட்ல கூலி படத்துக்கு ஏ குடுத்தப்போ தயாரிப்புத் தரப்பு யூஏ வேணும்னு சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க, கோர்ட் ஒத்துக்கல. அதுக்கு முன்னாடியும் ஒரு கூத்து இருந்துச்சு, 2011ல வந்த அரசாணைப்படி யூ சர்டிபிகேட் இருந்தாத்தான் தமிழ்நாட்டுல கேளிக்கை வரி விலக்கு, அதனால எல்லாரும் எப்படியாவது யூ வாங்கிடணும்னு அலைஞ்சாங்க, 2017ல ஜிஎஸ்டி வர்ற வரைக்கும் இதுதான் கதை. அந்த எழுத்தப் பாத்து நாம நம்பிக்கிட்டு இருந்தோம், அவங்க அத வெச்சு வரிக்கணக்கு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

சரி தியேட்டருக்கு வர்றேன். ரெண்டாவது தடவை போனது ஒரு ஏ படத்துக்கு. புள்ளைங்கள மாமியார்கிட்ட விட்டுட்டு நான், எங்க வீட்டுக்காரர், நாத்தனார், நாத்தனார் பையன், நாலு பேரு. பையனுக்கு 17 முடிஞ்சு எட்டு மாசம், மீசையெல்லாம் இருக்கு. வாசல்ல ஆதார் கேட்டாங்க, பாத்தாங்க, முடியாதுன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் சத்தம் போட்டாரு, நாலு மாசத்துல என்னங்க ஆயிடப் போகுதுன்னு. எனக்கு அந்தத் தம்பிங்க மேல கோவமே வரல, அவங்க பண்ணது சரி, சட்டம் அதான். ஆனா டிக்கெட் காசு திரும்பத் தர முடியாதுன்னுட்டாங்க, நாலு டிக்கெட் காசும் போச்சு, யாரு உள்ள போயி பாப்பா, எல்லாரும் வெளிய வந்து டிபன் சாப்ட்டு வீட்டுக்கு வந்தோம். புக் பண்றப்போ 18 வயசு ஆகாதவங்க இருந்தா காசு திரும்ப வராதுன்னு பெருசா ஒரு வரி போட்டுட்டு, சம்மதம்னு அழுத்தச் சொல்லிட்டு அப்புறம் காச வாங்கலாம்ல.

இதவிட என்னால மறக்க முடியாதது ஒண்ணு இருக்கு. நாங்க வாசல்ல பேசிக்கிட்டு இருந்த அதே நேரத்துல ஒரு குடும்பம் உள்ள போச்சு, அப்பா தோள்ல ஒரு குழந்த, நாலு வயசு இருக்கும், பாதித் தூக்கம். அவங்கள யாரும் ஒண்ணும் கேக்கல. சட்டம் 18 வயசு ஆகாத யாரையும் விடாதன்னுதான் சொல்லுது, ஆனா வாசல்ல நிக்கறவங்க கண்ணுக்குத் தனியா வர்ற காலேஜ் பையன்தான் மைனராத் தெரியறான், தூக்கிட்டு வர்ற குழந்த கைப்பை மாதிரி ஆயிடுது. அந்தக் குழந்த உள்ள போயி தூங்கத்தான் போகுது, அதுக்கு என்ன புரியப்போகுதுன்னு சொல்லுவாங்க. அந்த சவுண்டுல எந்தக் குழந்தங்க தூங்கும்.

அப்புறம் ட்ரெய்லர். இதுக்கு ஒரு ஸ்டார கண்டிப்பாக் கொறைக்கறேன். சம்மர் லீவுல அனிமேஷன் படம் ஒண்ணுக்குப் பசங்கள கூட்டிட்டுப் போனேன், தியேட்டர் முழுக்கப் பொடிசுங்க, எல்லாம் யூ தான, நிம்மதியா உக்காந்திருந்தேன். இன்டர்வல்ல ரெண்டு ட்ரெய்லர் போட்டாங்க, ஒண்ணுல ஒருத்தன சங்கிலியால கட்டி அடிக்கறாங்க, இன்னொண்ணுல முழுக்கத் துப்பாக்கி. ட்ரெய்லருக்கும் தனியா சர்டிபிகேட் வாங்கித்தான் போடுவாங்க, அதனால சட்டப்படி தப்பு இல்லாம இருக்கலாம். ஆனா எந்தப் படத்துக்கு நடுவுல எந்த ட்ரெய்லரப் போடறதுன்னு அங்க யாரோ ஒருத்தர்தான முடிவு பண்றாங்க, அவங்க ஒரு தடவ அந்த ஹாலுக்குள்ள எட்டிப் பாத்திருந்தாப் போதும்.

எங்க அக்கா சிங்கப்பூர்ல இருக்கா. அங்க என்சி16ன்னு ஒரு ரேட்டிங் இருக்கு, 16 வயசு ஆகலன்னா அப்பா அம்மா கூட வந்தாலும் உள்ள விட மாட்டாங்க, அதுக்கு மேல எம்18, ஆர்21. நம்ம தமிழ்ப்படமே அங்க இந்த மாதிரி ரேட்டிங்ல ஓடுது, அக்கா பசங்க வீட்டுல இருக்கும், இவங்க ரெண்டு பேரு மட்டும் போயிட்டு வருவாங்க. அதவிட எனக்குப் பிடிச்சது, ரேட்டிங் பக்கத்துலயே வன்முறைக் காட்சிகள் உண்டுங்கற மாதிரி ஒரு காரணமும் போடறாங்க. இங்கிலாந்துலயும் அப்படித்தான், பிபிஎப்சின்னு ஒரு அமைப்பு, எந்தப் படத்துக்கு ஏன் அந்த வயசு குடுத்தோம்னு சின்னக் குறிப்பு எழுதிப் போடறாங்க, படிச்சுட்டுப் போகலாம். நம்ம ஊருலயும் ஓடிடிக்கு 2021 விதியில இது வந்துடுச்சு, வயசோட சேத்து படத்துல என்ன இருக்குன்னும் சொல்லணும், 13+ இல்ல அதுக்கு மேலன்னா லாக் போடற வசதி குடுக்கணும். எங்க வீட்டு டிவியில பின் நம்பர் போட்டு வெச்சிருக்கேன். டிவியில சொல்றத தியேட்டர்ல சொல்ல என்ன கஷ்டம்னுதான் புரியல.

எங்க அம்மா ஊர்ல ஒரு பழைய தியேட்டர் இருக்கு, ஒத்த ஸ்க்ரீன், பால்கனியில பாதி சீட்டு கிழிஞ்சிருக்கும், ஏசி கெடையாது, ஃபேன்தான், இன்டர்வல்ல முறுக்கு, சுண்டல், டீ. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பாப்பாவயும் கூட்டிக்கிட்டு சும்மா அந்தப் பக்கம் போனேன். டிக்கெட் கவுண்டர் பக்கத்துல ஒரு கரும்பலகை, காட்சி நேரம், டிக்கெட் விலை எழுதி அதுக்குக் கீழ சாக்பீஸ்ல, "இப்படத்தில் வெட்டுக்குத்து அதிகம். சிறு குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்"னு எழுதிருந்துச்சு. நான் நின்னு ரெண்டு தடவ படிச்சேன். கவுண்டர்ல இருந்த பெரியவர், எழுபது வயசு இருக்கும், பாப்பாவப் பாத்துட்டு, ஏம்மா, இது உன் புள்ளைக்கு ஆகாதும்மா, இன்டர்வலுக்கு முன்னாடி ஒரு எடம் வரும், பயந்துடும், அடுத்த வாரம் வேற படம் மாத்தறோம், அதுக்கு வான்னாரு. டிக்கெட் விக்க உக்காந்திருக்கறவரு டிக்கெட் வேணாம்னு சொல்றாரு. யாருங்கய்யா எழுதச் சொன்னான்னு கேட்டேன். யாரும் சொல்லல, மொத நாள் மொத ஆட்டம் நான் பாத்துடுவேன், பாத்துட்டு எழுதிப் போட்டுடுவேன், புள்ள அழுதா பின்னால வரிசையில இருக்கறவன் சத்தம் போடுவான், அப்புறம் சண்டைன்னாரு. அவருக்கு அது வியாபாரம். எனக்கு அதுதான் சென்சார் போர்டு. அவருக்குன்னா அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், கிழிஞ்ச சீட்டோட சேத்து.

ஊர்ல இருந்து வந்ததும் மல்டிப்ளெக்ஸ் மேனேஜர்கிட்ட போயி அந்தக் கரும்பலகைய போட்டோ எடுத்தத போன்ல காட்டுனேன். இந்த மாதிரி கவுண்டர் மேல ஒரு வரி போடுங்க, யூஏ 16+, காரணம் இதுன்னு, வேற ஒண்ணும் வேணாம்னேன். பொறுமையாக் கேட்டாரு, நல்ல ஐடியாதான் மேடம், ஆனா ஹெட் ஆபீஸ்ல கேக்காம நாங்களா எதுவும் ஒட்ட முடியாதுன்னாரு. மெயில் அனுப்பச் சொன்னாரு, அனுப்பிருக்கேன், ஆறு வாரம் ஆச்சு. இதப் படிக்கறவங்க உங்க ஊர் தியேட்டர்லயும் போயிக் கேளுங்க, நாலு பேரு கேட்டா ஹெட் ஆபீஸ் காதுல விழும்.

இப்போதைக்கு அஞ்சுக்கு ரெண்டரை. சீட்டு, சுத்தம், தண்ணி குடுத்த அந்தத் தம்பி, இதுக்குத்தான் அந்த ரெண்டரை. சின்னப் புள்ளைங்களோட போறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி யூஏக்குப் பின்னாடி இருக்கற நம்பரப் பாருங்க, மொத நாள் போயிட்டு வந்த தெரிஞ்சவங்க யாருக்காவது ஒரு போன் போட்டு ரத்தம் இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. போர்டு வெச்சாங்கன்னா நானே வந்து இந்த ரிவ்யூவ எடிட் பண்ணி ஸ்டார ஏத்திடறேன்.